எங்கள் வீட்டு முறை வந்த சனிக்கிழமை

எங்கள் ஆஸ்பத்திரியில் கை கால் பார்க்கும் அறையைப் போன மாதம் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வேலை பார்க்கப் படித்த சான்றிதழ் வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவள். அதனால் பத்து வருஷ வேலை முடிந்து, இருபத்தொன்பது வயதிலேயே ரிட்டயர் ஆகிவிட்டேன். எனக்குப் பதிலாக வந்திருக்கும் இரண்டு பெண்களும் நல்ல பிள்ளைகள். "அக்கா, நீங்க பாத்ததெல்லாம் எழுதிக் குடுங்க, ஆஸ்பத்திரி மலர்ல போடலாம்" என்று கேட்டார்கள்.

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அதோடு அப்பா இறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எதை எழுத உட்கார்ந்தாலும் அவரிடம் போய் நிற்கிறது. சரி, அவரும் எங்கள் அறையில் கால் காட்டியவர்தானே என்று எழுதுகிறேன். நான் பார்த்ததிலேயே கஷ்டமான கேஸ் அவர்தான்.

போளூரிலிருந்து மலை ஏறுகிற வழியில், அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. தொழுநோய்க்காக மிஷன்காரர்கள் அந்தக் காலத்தில் கட்டியது. எங்கள் ஊர் மேலே, நெல்லிவாசல்நாட்டுப் பக்கம். அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். அப்பாவும் நானும்தான். எனக்குப் பதினாலு வயதில் ஒருநாள் அப்பா சாமைக் காட்டிலிருந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்தார். உள்ளங்காலில் விரல் நீளத்துக்கு ஒரு முள் ஏறியிருந்தது. சுற்றிலும் சீழ். "எப்பப்பா குத்துச்சு?" என்று கேட்டேன். "இன்னா குத்துச்சு?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டார். நோய் போய்விட்டது. அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார். ஆனால் பாதம் இரண்டும் மரத்தது மரத்ததுதான். இரண்டு கையும் மரத்து, கடைசி இரண்டு விரல் மடங்கியது மடங்கியதுதான். அந்த வருஷத்தில்தான் நாங்கள் ஞானஸ்நானம் எடுத்தோம். அவருக்கு யோசேப்பு என்று பெயர் வைத்தார்கள். ஊரில் கடைசி வரைக்கும் சடையன்தான். ஆஸ்பத்திரியில் சோறு போட்டதால் மதம் மாறினான் என்று சிலர் பேசுவார்கள். அப்பா சொன்ன காரணம் வேறு. "மேல ஒருத்தர் என்ன எம் புள்ளன்னு சொல்றாருன்னாங்க. யார்றா அது, இந்தக் காலப் பாத்தப்புறமும் சொல்றவருன்னு பாக்கப் போனேன்" என்பார்.

நான் பத்தொன்பது வயதில் அதே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் பக்கெட் தூக்கினேன், பேண்டேஜ் துணி சுருட்டினேன். அதற்குப் பிறகு சுகுணா சிஸ்டர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். மடத்து சிஸ்டர் இல்லை, நர்ஸ். நாற்பது வயது இருக்கும். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். நோயாளிகளை அவர் திட்டி நான் பார்த்ததில்லை. அந்தத் திட்டெல்லாம் எங்களுக்கு வரும்.

வருகிறவர் பெஞ்சில் உட்காருவார். நாங்கள் அவரைவிடத் தாழ்வான முக்காலியில். சிஸ்டர் "கால நீட்டுங்க" என்று சொல்லவே மாட்டார். "உங்க கால கொஞ்சம் குடுங்களேன்" என்பார். கால் பார்ப்பதற்கு முன்னால் செருப்பைப் பார்க்க வேண்டும். உள்ளே கை விட்டுத் தடவினால் கல் இருக்கும், ஆணி இருக்கும், சில நேரம் பேத்தியின் பாசிமணி இருக்கும். போட்டு நடந்தவருக்குத் தெரிந்திருக்காது. அப்புறம் நம் புறங்கையை இரண்டு பாதத்திலும் மெதுவாக ஓட்ட வேண்டும். எந்த இடம் சுடுகிறதோ அங்கே நாளைக்குப் புண் வரும். அப்புறம் பேனா. அவர் கண்ணை மூடிக்கொள்வார். பேனா முனையால் லேசாகத் தொடுவோம். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். "தெரியுதா?" என்று வாயால் கேட்கக் கூடாது. கேட்டால் எல்லாரும் தெரியுது என்றுதான் சொல்வார்கள், நம் மனசு கஷ்டப்படுமே என்று. கடைசியில் பச்சைத் தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து, காய்ப்பைக் கல்லால் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும்.

ஒருநாள் ஒரு புண்ணைக் கட்டும்போது நாற்றத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சிஸ்டர் பார்த்துவிட்டார்.

"வெளிய போய் மூச்சு விட்டுட்டு வாடி" என்றார்.

திரும்பி வந்தேன். அந்த ஆள் போன பிறகு என்னிடம் சொன்னார். "நீ மூச்சப் புடிக்கறது அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? காலுதான் மரத்திருக்குது, கண்ணு இல்ல. இது யாரோட காலு தெரியுமா? மேல இருக்கறவரோட சாமான். கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கன்னு நம்மகிட்ட குடுத்திருக்காரு. திருப்பிக் குடுக்கும்போது கீறல் இருக்கக் கூடாது, பாத்துக்கோ."

அதற்குப் பிறகு பத்து வருஷத்தில் நான் ஒரு தடவைகூட மூச்சைப் பிடித்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

கலசப்பாக்கத்து விவசாயி ஒருவர் நாங்கள் தரும் மெத்தைச் செருப்பைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு வெறுங்காலோடு வருவார். ஏன் என்றால், "இந்தக் கறுப்புப் பட்டையப் பாத்தாலே எந்த ஆஸ்பத்திரி செருப்புன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்மா. பொண்ணுக்கு வரன் வர்ற நேரம்" என்றார். சிஸ்டர் யோசித்தார். போளூர் கடைத்தெருவில் மாப்பிள்ளைகள் போடுகிற மாதிரி பளபளப்பான செருப்பு ஒரு ஜோடி வாங்கிவரச் சொன்னார். அதன் மேல்பட்டையை மட்டும் எடுத்து எங்கள் மெத்தை அடிப்பாகத்தில் ஒட்டினோம். ஆணியே இல்லாமல் பசையால் ஒட்டியது நான். அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றார். அந்தச் செருப்பைப் பார்த்து சம்பந்தி, "எங்க வாங்கினது?" என்று கேட்டாராம்.

இப்போது அப்பா விஷயம்.

எங்கள் ஊர் சபையில் பதினைந்து குடும்பம். தகர ஷெட்தான் சர்ச். அப்பாவை யாரும் வெளியே நிற்கச் சொன்னதில்லை. பக்கத்தில் உட்காருவார்கள், நோன்பு நாளில் கஞ்சி கொடுப்பார்கள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபம் என்று ஒன்று உண்டு. வரிசையாக ஒவ்வொரு வாரமும் ஒரு வீடு. எல்லாரும் போய்ப் பாய் போட்டு உட்கார்ந்து, பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, அந்த வீட்டில் கொடுக்கிற டீயும் சுண்டலும் சாப்பிட்டு வருவார்கள். முறையைப் பாஸ்டர் ஐயாவின் மனைவி, பாஸ்டர் அம்மா, படித்துச் சொல்வார். எங்கள் வீட்டுக்கு முந்தின வீடு பாக்கியம் அக்கா வீடு. அது முடிந்ததும் எங்களைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். "பொம்பள இல்லாத வூடு, அண்ணனுக்கு எதுக்கு சிரமம்" என்பார் பாஸ்டர் அம்மா. அன்பாகத்தான் சொல்வார்.

அப்பா கேட்டுக்கொள்வார். ஆனால் பாக்கியம் அக்கா வீட்டு முறை வருகிற வாரத்தில் எங்கள் வீட்டைச் சாணம் போட்டு மெழுகி வைத்துவிடுவார். நான் சனிக்கிழமை ஜீப்பில் ஊருக்கு வந்தால் தரை பச்சையாக இருக்கும். எதற்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் பாஸ்டர் அம்மாவிடம் பேசவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு வந்து டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனால் அதை அப்பா பார்ப்பாரே என்று பயம். வராமலே இருக்கட்டும் என்று நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு வருஷம் அறுப்பின் பண்டிகைக்குக் கீழ் ஊரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். நல்ல குரல். நடுவில் சொன்னார்: "பாவம் இருக்கே, அது குஷ்டரோகம் மாதிரி. மொதல்ல மரத்துப்போகும். அப்புறம் அழுகும். கடைசியில ஆண்டவர்கிட்ட இருந்தே பிரிச்சிடும்." அவருக்கு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது. எங்கள் பதினைந்து குடும்பத்துக்கும் தெரியும். ஒருவர்கூட அப்பா பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் நேராகவே பார்த்தார்கள். திரும்பியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

அப்பா கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. அதற்கு அடுத்ததும் போகவில்லை. நான் கேட்டால், "ஆடு மேய்க்க ஆள் இல்ல" என்றார். எங்களுக்கு இருந்ததே இரண்டு ஆடு.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். வலது பாதத்தில் எட்டணா அளவுக்குக் குழி. கையில் செருப்பு இல்லை, காலிலும் இல்லை. நான் கால் பார்க்கப் போனேன், சிஸ்டர் என்னை நகர்த்திவிட்டு முக்காலியில் அவரே உட்கார்ந்தார்.

"எப்டி வந்துச்சு, அண்ணா?"

"செருப்பு போடல."

"ஏன் போடல? அறுந்துடுச்சா?"

"நல்லாத்தான் இருக்குது. பாவத்துக்கு எதுக்கு சிஸ்டர் செருப்பு?"

சிஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பிரசங்கத்தைச் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். சிஸ்டர் அழவில்லை. குழியைச் சுற்றியிருந்த செத்த தோலைச் சுரண்டிக்கொண்டே, "நீங்க அவருக்குச் சொந்தம்ணா. எவனோ ஒருத்தன் பேசினதுல அது போயிடுமா?" என்றார்.

அப்பா சிரித்தார். "சொந்தம்னு சொல்றீங்க. கல்யாணத்துக்குக் கூப்புடாத சொந்தமும் ஊர்ல இருக்குது சிஸ்டர்."

மாவுக்கட்டு போட்டோம். ஆறு வாரம் வார்டில் படுக்க வைத்தோம். இரண்டாவது வாரம் எங்கள் பாஸ்டர் ஐயா பைக்கில் இறங்கி வந்தார். சின்ன வயசுக்காரர். கட்டில் பக்கத்தில் நின்று, "அண்ணே, அன்னிக்கே நான் எழுந்து சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றார். அப்புறம், "வர்ற பெரிய வியாழன், ஆண்டவர் சீஷருங்க கால கழுவின நாளு, அன்னிக்கு சபை முன்னாடி உங்க கால நானே கழுவறேன். எல்லாரும் பாக்கட்டும்" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அப்பா, "வேணாம் ஐயா" என்றார்.

"ஏண்ணே? கோவமா?"

"கோவம் இல்ல. அவரு என்னப் பாவத்துக்கு உதாரணமா வெச்சாரு. நீங்க அன்புக்கு உதாரணமா வெக்கறேன்றீங்க. எனக்கு உதாரணமா இருந்து இருந்து அலுத்துப்போச்சு."

பாஸ்டர் ஐயா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப இன்னாதான் பண்ணட்டும், சொல்லுங்க" என்றார்.

"என் வூட்டு மொற வந்தா தாண்டிப் போகாதீங்க. நான் டீ போட்டு என் கையால தர்றேன். குடிங்க. அவ்ளோதான். எல்லாரும் ஆண்டவரோட புள்ளைங்கன்னு சொன்னீங்க இல்ல. புள்ளைங்க ஒருத்தன் வூட்ல ஒருத்தன் டீ குடிக்க மாட்டானுங்களா?"

முறையெல்லாம் பாஸ்டர் அம்மா பொறுப்பு. பாஸ்டர் ஐயாவுக்கு எங்கள் வீடு தாண்டப்படுவதே அதுவரை தெரிந்திருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் புரிந்தது. தெரிந்தவள் நான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இந்த வரிசையில வர்ற சனிக்கெழமைல இருந்து எண்ணுங்க. பாக்கியம் அக்காவுக்கு அப்புறம் நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணக்குப் போட்டால் ஒன்பது வாரம் இருந்தது. பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மரத்த கையில் கொதிக்கிற டம்ளரைப் பிடித்தால் சுடுவது தெரியாது, தோல் வெந்துவிடும். மரத்த கைக்காரர் சுடு பாத்திரம் தொடக் கூடாது என்று வருஷக்கணக்காக எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவள் நான். "ட்ரேல வெச்சு நீட்டுப்பா, அவங்களா எடுத்துக்கட்டும்" என்றேன்.

"ட்ரேல இருந்து எடுத்தா ட்ரேகிட்ட இருந்து வாங்கினதா ஆயிடும். என் கையில இருந்து வாங்கணும்."

"கை வெந்துடும்ப்பா!"

"வெந்தா நீ கட்டுப் போடு. அதுக்குத்தான சம்பளம் வாங்கற?"

சிஸ்டரிடம் புகார் சொன்னேன். அவர் அப்பாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைத்தான் திட்டினார். "அவருக்கு இன்னா வேணும்னு கேட்டியா, இல்ல இன்னா கூடாதுன்னு மட்டும் சொன்னியா?" என்றார். மறுநாள் நர்ஸுகள் மெஸ்ஸிலிருந்து டவரா டம்ளர் செட் இருபது இரவல் வாங்கிவந்தார். டம்ளரை டவராவில் வைத்து, டவராவை மட்டும் அப்பா பிடிப்பார். வாங்குகிறவர் டம்ளரை எடுப்பார். வார்டிலேயே பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பழக்கினோம். மடங்கிய விரலுக்கு டவரா விளிம்பு நன்றாகப் பொருந்தியது. அடுத்த கட்டில்காரர்கள் எல்லாம், "சர்வர், இங்க ஒரு ஸ்ட்ராங் டீ!" என்று கூப்பிட்டுக் கேலி பண்ணினார்கள். அப்பாவும் "இதோ வர்றேன் சார்" என்று கட்டுக் காலோடு நொண்டிக்கொண்டு போவார். டீ கொதித்து இறக்குவது நான், ஊற்றுவது நான், கொடுப்பது மட்டும் அவர் என்று பேச்சு.

நீங்களும் வாங்க சிஸ்டர் என்று கூப்பிட்டேன். "நான் வந்தா அது ஆஸ்பத்திரி ப்ரோக்ராம் ஆயிடும். வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு ஒருவராவது வந்தார்கள். பதினேழு பேர். பாட்டு, ஜெபம் எல்லாம் மற்ற வீடு மாதிரியேதான். பாஸ்டர் ஐயா அப்பாவைப் பற்றியோ நோயைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. மழை பெய்யவும் புளியம்பூ உதிராமல் இருக்கவும் ஜெபம் பண்ணினார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. அடுப்பங்கரையில் நின்று டீயை ஊற்றினேன். இரண்டு டம்ளரில் தளும்பியது.

அப்பா முதல் டவராவை எடுத்துக்கொண்டு பாக்கியம் அக்காவிடம் போனார். அந்த அக்காவுக்கு ஊரில் எல்லாரும் பயப்படுவார்கள், வாய் அப்படி. அக்கா டம்ளரை எடுத்தார். ஊதினார். ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். 

"இன்னாண்ணா இது, கஷாயமா? சக்கர எங்க?" என்றார் சத்தமாக. "பொண்ணு ஆஸ்பத்திரில வேல செய்றான்னு எங்களுக்கெல்லாம் இப்பவே சுகர் பத்தியமா?"

நான் சர்க்கரை போடவே மறந்திருந்தேன். ஒன்பது வாரம் காத்திருந்து, ஒத்திகையும் பார்த்து, சர்க்கரையை மறந்திருந்தேன்.

வீடே சிரித்தது. அப்பா என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. குறை சொல்லிவிட்டார்களே என்ற வருத்தம் கொஞ்சம்கூட இல்லை. ஜெயித்தவர் மாதிரி இருந்தார். "ஏ பாக்கியம், ஓசி டீக்கு இவ்ளோ வாயா? இரு, போட்டுத் தொலைக்கறேன்" என்று சர்க்கரை டப்பாவையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார். அதனால் எல்லாரிடமும் இரண்டு தடவை போனார். இரண்டு பேர் டம்ளரை வாங்கிக் கீழே வைத்திருந்தார்கள், நான் பார்த்தேன். ஸ்பூன் வந்ததும் ஒருவர் டம்ளரைத் தூக்கி நீட்டினார். குடித்துவிட்டார். இன்னொருவர் கடைசி வரை குடிக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

எல்லாரும் போன பிறகு அப்பாவின் கையை விளக்குக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். புறங்கையை வைத்துச் சூடு பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை, ஒரு சிவப்பு இல்லை. என் வேலையில் நான் பட்ட பெருமையில் அது ஒன்று. அப்பாவுக்கு அதெல்லாம் கவலையே இல்லை. "கஷாயமாம்! கேட்டியா அவ பேச்ச? கஷாயமாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் செருப்புப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பினார்.  போகும்போது அவரே சொன்னார். "அந்த ஆளு சொன்ன மாதிரி நான் பிரிஞ்சு போயிருந்தா, என் டீல சக்கர இல்லன்னா பாக்கியத்துக்கு இன்னா வந்துச்சு?" எனக்கு இதைவிட நல்ல பிரசங்கம் தெரியாது. படித்தவர்கள் இதை வேறு மாதிரி சொல்லலாம். கடவுளுக்கு நாம் சொந்தம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வழியும், மண்ணில் பதிந்த அவருடைய செருப்புத் தடமும்தான் கண்ணுக்கு வருகிறது.

அடுத்த சனிக்கிழமை முறை பக்கத்து வீட்டில். அந்த வீட்டு அண்ணி சுண்டல் கொடுத்தார். அப்பா இரண்டு வாய் மென்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னாம்மா இது, சுண்டலா, கூழாங்கல்லா? வேகவே இல்ல!" என்றார்.

"பல்லு இருக்கறவங்களுக்குத்தான் இந்த வூட்டு சுண்டல். ஒனக்குக் கஞ்சி காச்சித் தரட்டா மாமா?" என்றார் அந்த அண்ணி.

பாஸ்டர் ஐயா உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அப்பா தட்டை வழித்துத் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி நீட்டினார்.